வரிசையில் நிற்பவர்களின் பாடங்களைக் காலாவதி ஆக்காதீர்கள்

மதிப்பிற்குரிய கம்யூனிட்டி காலேஜ் அறங்காவலர் குழு உறுப்பினர்களுக்கும் நர்சிங் துறை இயக்குநருக்கும்,

வணக்கம். போன மாதக் கூட்டத்தில், பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து பேசிய பெண் நான். எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். எழுதி வைத்திருந்ததில் பாதியைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மீதியையும், அன்றைக்குப் பதற்றத்தில் சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வந்து சேரும். தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. கலிபோர்னியாவில் நம் கல்லூரி மாவட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் என்னைப் போல முப்பது வயதுக்கு மேல் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகவேண்டும் என்று புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்த பெண்கள் எனக்குத் தெரிந்தே பல பேர். உங்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அந்த வீடுகளில் பலவற்றில் இருக்கிறது. நான் கேட்பது என்ன என்று அவர்களுக்கும் தெரியவேண்டும்.

கேட்பது ஒன்றுதான். தகுதி பெற்று விண்ணப்பித்துவிட்டு, நர்சிங் இடத்துக்கான குலுக்கலில் பெயர் வராமல் காத்திருப்பவர்கள், சேருவதற்கு முன்பே படித்து முடித்த அறிவியல் பாடங்களை ஐந்து வருடம் ஆகிவிட்டது என்று சொல்லிக் காலாவதி ஆக்காதீர்கள். முதல்முறை "தகுதி உண்டு" என்று சொன்ன தேதியிலேயே அந்தக் கடிகாரத்தை நிறுத்திவிடுங்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, ஒருத்தி இந்த வாசல் வரை எப்படி வந்து சேர்கிறாள் என்று சொல்லவேண்டும்.

நான் மதுரையில் பி.எஸ்.சி. விலங்கியல் படித்தவள். 2004-ல் முடித்தேன். 2013-ல் என் வீட்டுக்காரரின் வேலை காரணமாக இங்கே வந்தோம். என் பெரியம்மா அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். சின்ன வயதில் அவர் வீட்டில் ஸ்டீல் டப்பாவுக்குள் கண்ணாடி சிரிஞ்சு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அந்த ஆசை எங்கேயோ அடியில் கிடந்திருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மேலே வந்துவிட்டது.

உங்கள் கவுன்சிலரைப் போய்ப் பார்த்தேன். ஊரில் படித்த விலங்கியல் பழசாகிவிட்டது, எல்லாவற்றையும் இங்கே முதலிலிருந்து படிக்கவேண்டும் என்றார். எனக்கு அதில் அன்றும் குறை இல்லை, இன்றும் இல்லை. பதினாலு வருடத்துக்கு முன் படித்ததை வைத்துக்கொண்டு ஒருவர் நோயாளியின் பக்கத்தில் நிற்கக்கூடாது. சரி என்று தொடங்கினேன்.

2018 இலையுதிர் பருவத்தில் ஆங்கிலக் கட்டுரைப் பாடமும் வேதியியலும். 2019 வசந்தத்தில் அனாடமி, அதாவது உடற்கூறு. அந்த வருடக் கடைசியில் உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் ஃபிசியாலஜி. 2020 வசந்தத்தில் நுண்ணுயிர்களைப் பற்றிய மைக்ரோபயாலஜி. அது பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது மார்ச்சில் கல்லூரியை மூடிவிட்டார்கள். பாக்டீரியாவுக்குச் சாயம் ஏற்றும் கிராம் ஸ்டெயினில் ஊதா நிறம் எப்படி நிற்கிறது, எப்படிக் கழுவிப் போகிறது என்பதை லேப் பெஞ்சில் பாதியும் சமையலறை மேஜையில் லேப்டாப்பைப் பார்த்துப் பாதியும் கற்றுக்கொண்டேன். ஃபிசியாலஜியில் மட்டும் பி, மற்றதில் எல்லாம் ஏ. அப்புறம் நர்சிங்கில் சேர எழுதும் டீஸ் தேர்வு. 209 நிமிடத்தில் 170 கேள்வி. நீங்கள் கேட்பது 62 சதவீதம், நான் வாங்கியது 86.

2021, 2022, 2023, 2024 என்று நான்கு வருடமும் விண்ணப்பித்தேன். நான்கு முறையும் ஒரே மாதிரி மின்னஞ்சல் வந்தது. உங்களுக்குத் தகுதி இருக்கிறது, இந்த முறை குலுக்கலில் தேர்வாகவில்லை, மறுபடியும் விண்ணப்பியுங்கள். அதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான்காவது மின்னஞ்சல் வந்த அதே 2024-ல், மே மாதத்தோடு என் அனாடமிக்கு ஐந்து வருடம் முடிந்தது. டிசம்பரில் ஃபிசியாலஜி. 2025 மே மாதம் மைக்ரோபயாலஜி. வீட்டில் அடுக்கி வைத்த பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு விழுவதுபோல மூன்றும் போய்விட்டன. நான்கு முறை "தகுதி உண்டு" என்று எழுதிய அதே அலுவலகம் ஐந்தாவது முறை "விண்ணப்பம் முழுமையாக இல்லை" என்று எழுதியது. நடுவில் நான் செய்த தவறு ஒன்றுமில்லை. என் பெயர் வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் குலுக்கல் சீட்டு என்று ஒன்று உண்டு. இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போடுவார்கள். மாதம் ஒரு பெயரைக் குலுக்கி எடுப்பார்கள். ஒருமுறை எடுத்த பெயர் மறுபடி பானைக்குள் போகாது. அதனால் எவ்வளவு அதிர்ஷ்டம் கெட்டவளாக இருந்தாலும் இருபதாவது மாதம் அவள் கைக்குப் பணம் வந்தே தீரும். அந்த நம்பிக்கையில்தான் பூக்காரம்மாகூட அதில் சேர்கிறார். உங்கள் குலுக்கலில் அந்தக் கடைசி மாதம் கிடையாது. ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்தவரும் நாலு வருடம் காத்திருந்தவரும் ஒரே பானைக்குள் விழுகிறார்கள். நாம் அதை வரிசை என்று சொல்கிறோம். ரேஷன் கடை வரிசைகூட மெதுவாகவாவது முன்னால் நகரும். இது நகராது. நகராத வரிசையில் நிற்கவும் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் நின்றுவிட்டாய் என்று வெளியே அனுப்புவது எப்படி நியாயம்?

ஐந்து வருட விதி எதற்கு என்று துறையில் விசாரித்தேன். உடற்கூறு மறந்துபோனவர்கள் முதல் செமஸ்டரிலேயே திணறி, பாதியில் நின்றுவிடுகிறார்கள், அந்த இடம் வேறு யாருக்கும் பயன்படாமல் போகிறது என்றார்கள். உண்மையான காரணம் அது. நான் மதிக்கிறேன். ஆனால் காத்திருக்கிற நாங்கள் சும்மா இருந்தோமா என்று யாராவது கேட்டதுண்டா?

2021-ல் முதல் குலுக்கலில் பெயர் வராததும் சி.என்.ஏ. (சான்றிதழ் பெற்ற நர்சிங் உதவியாளர்) பயிற்சியில் சேர்ந்தேன். வகுப்பில் 60 மணி நேரம், நோயாளிகளோடு 100 மணி நேரம், பிறகு மாநிலத் தேர்வு. அன்றிலிருந்து ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை. படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், குதிகாலிலும் வால் எலும்பின் மேலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும், குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளந்து எழுதுவதும்தான் என் ராத்திரிகள். சேக்ரம், அதாவது வால் எலும்புக்கு மேலே உள்ள எலும்பு, எங்கே இருக்கிறது என்பது எனக்குப் பரீட்சைக்குப் படித்தது மட்டுமல்ல. தினமும் கை வைத்துப் பார்க்கிற இடம். ஆனால் உங்கள் கணக்கில் எனக்கு அனாடமி மறந்துபோய்விட்டது.

அங்கே எண்பது வயதைத் தாண்டிய ஒரு தமிழ்ப் பாட்டி இருந்தார். பெயரோ ஊரோ சொல்லமாட்டேன். நினைவு தப்பிக்கொண்டே வந்ததில், இங்கே வந்து கற்ற ஆங்கிலம் முதலில் போய்விட்டது. தமிழ் மட்டும் மிச்சம். பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை, வலி எவ்வளவு என்று நர்ஸ் கேட்பார். பாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நம் ஆட்களுக்கு வலியை எண்ணில் சொல்லிப் பழக்கமில்லை. சுருக்கென்று குத்தும், விண்விண்ணென்று தெறிக்கும், கடுக்கும், எரியும், மதமதவென்று மரத்துக்கிடக்கும். ஒவ்வொன்றும் வேறு வலி, காரணமும் வேறாக இருக்கலாம்.

ஒரு ராத்திரி பாட்டி தூங்கவே இல்லை. போர்வையை இழுத்து இழுத்து எறிகிறார், எழுந்து ஓடப் பார்க்கிறார். நோய் முற்றிவிட்டதோ என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன பண்ணுது பாட்டி?" என்று கேட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீர்க்கடுப்பா இருக்குடி, தாங்க முடியலடி" என்றார். ஒரே ஒரு வார்த்தை. பணியில் இருந்த ஆர்.என். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் உடனே டாக்டரைக் கூப்பிட்டார். சிறுநீரைப் பரிசோதித்ததில் தொற்று இருந்தது. மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் பாட்டி பழையபடி என் தலையைத் தடவி, சாப்பிட்டாயா என்று கேட்க ஆரம்பித்தார். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் இப்படித் திடீர்க் குழப்பம் வரலாம் என்பதை நான் பிறகு விரிவாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சி.என்.ஏ. பார்த்ததைச் சொல்லலாம். நோயாளியின் நிலையை மதிப்பிட்டு முடிவு எடுப்பது ஆர்.என். வேலை. சரியான விதிதான். அன்றைக்கு அந்த ஆர்.என். அம்மா நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். எனக்கு வேண்டியது அந்த இடத்தில் நானே நிற்கிற தகுதி. கேட்ட வார்த்தையையும் அதற்கு அடுத்துச் செய்யவேண்டியதையும் ஒரே ஆள் இணைக்க முடிந்தால், ஓடிப்போய்ச் சொல்கிற அந்த நிமிடங்கள்கூட மிச்சம்.

இங்கே ஒன்றை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் நர்சிங் பிரிவுகள் குலுக்கலை மட்டும் நம்பாமல் பல அளவுகோல்களை வைத்து மாணவர்களைத் தேர்ந்தெடுக்க கலிபோர்னியா கல்விச் சட்டம் வழி செய்தது. மதிப்பெண், வேலை அனுபவம், வாழ்க்கைச் சூழ்நிலை இவற்றோடு ஆங்கிலம் அல்லாத மொழித் திறனும் அதில் இருந்தது. கணக்கில் எடுக்கக்கூடிய மொழிகளாக அது சொன்ன பட்டியலில் ஸ்பானிஷ், சீனம், டகாலாக் இவற்றோடு இந்தியத் துணைக்கண்டத்தின் பல்வேறு மொழிகளும் வந்தன. அந்த வரியை முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பாட்டி சொன்ன நீர்க்கடுப்புக்கு யாரோ சட்டப் புத்தகத்தில் இடம் வைத்திருக்கிறார்கள்! வேறு சில கல்லூரிகள் இந்த முறைக்கு மாறிவிட்டன. நீங்களும் மாறினால் மகிழ்ச்சி. ஆனால் அதற்குக் குழு, விவாதம், காலம் எல்லாம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது வரும்போது வரட்டும். அதுவரை கடிகாரத்தையாவது நிறுத்துங்கள்.

இடங்களைக் கூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் கையில் மட்டும் இல்லை. பாடம் நடத்த வரும் நர்ஸ், ஆஸ்பத்திரியில் நின்றாலே அதைவிட அதிகம் சம்பாதிக்கலாம் என்னும்போது ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்ப ஆஸ்பத்திரிகளில் இடம் கிடைப்பதும் கஷ்டம். கம்யூனிட்டி காலேஜோ மாநிலப் பல்கலைக்கழகமோ கேட்டால், பயிற்சி இடம் கொடுப்பதற்காக ஆஸ்பத்திரிகள் நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து பேசவேண்டும் என்று 2024-ல் ஏபி 1577 சட்டம் வந்தது. இடம் வாங்க உங்களுக்கு அது உதவட்டும். நான் கேட்பதற்கு இவை எதுவும் தேவையில்லை. ஒரு டாலர் செலவில்லை. விண்ணப்ப விதியில் ஒரே ஒரு வாக்கியம் மாறினால் போதும்.

காலாவதியான பாடத்தைத் திரும்பப் படி, அவ்வளவுதானே என்று சிலர் கேட்கலாம். பாடத்தின் அளவான ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர், ஐந்து யூனிட் அனாடமிக்கு 230 டாலர். தனியார் கல்லூரிகள் கேட்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால்தானே எங்களுக்கு இந்த வாசலை விட்டால் வேறு வாசல் இல்லை. பணம் இங்கே பிரச்சினை இல்லை. ஒருமுறை நல்ல மதிப்பெண்ணோடு தேறிய பாடத்தை மறுபடி எடுக்க உங்கள் விதிப்படி சாதாரணமாக அனுமதி கிடையாது. நீண்ட காலம் ஆகிவிட்டது என்று மனு எழுதி, அது தேறினால்தான் பதிவே செய்ய முடியும். பதிவு செய்யப் போனால் லேபில் இடம் இருக்காது. 2024 இலையுதிர் பருவம் எனக்கு அப்படியே போனது. 2025 வசந்தத்தில்தான் இடம் கிடைத்தது. நைட் டியூட்டி முடித்து, முகம் கழுவிவிட்டு, காலை எட்டு மணி லேபுக்குப் போனேன்.

ஆட்டு இதயத்தைப் பிளக்கிற வாரம் வந்தது. மதுரையில் எங்கள் தெருக்கோடிக் கறிக்கடையில் சின்ன வயதிலிருந்து பார்த்த அதே ஆட்டு இதயம்தான். 2019-ல் முதல்முறை இதயத்தின் கீழறையான வென்ட்ரிக்கிளைப் பிளந்து பார்த்தபோது, உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல்கள். இடுக்கியால் ஒன்றைத் தூக்கினேன். தையல் நூல் அளவுதான் இருக்கும். இழுத்தால் அறுந்து வரவில்லை. வால்வின் இதழ்களை அந்த நூல்கள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. இதயம் சுருங்கும்போது இதழ்கள் பின்பக்கம் மடங்கி, ரத்தம் வந்த வழியே திரும்பாமல் இருக்க அவைதான் காவல். ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வருடம் கழித்து அதே ட்ரே, அதே நூல். ஆசிரியர் அதைக் காட்டி, இது என்ன என்று வகுப்பைக் கேட்டபோது என் வாயிலிருந்து கார்டே டெண்டினே என்று தானாக வந்தது. அதை எங்கேயும் தொலைத்துவிடவில்லை நான்.

அதே வகுப்பின் முதல் நாளை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். லேபில் இடம் கிடைக்காத பிள்ளைகள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். பதிவு செய்த யாராவது வராமல் போனால் ஆசிரியர் ஆட் கோட் (கடைசி நேரத்தில் சேர அனுமதிக்கும் எண்) கொடுப்பார் என்ற நம்பிக்கை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். ஆசிரியர் பெயர் கூப்பிடக் கூப்பிட நாற்காலிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. இந்தப் பருவம் ஆட் கோட் இல்லை என்றார். அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். ஏற்கெனவே ஏ வாங்கிய பாடத்தைத் திரும்பப் படிக்க நான் உட்கார்ந்திருந்த நாற்காலி, முதல்முறை படிக்க வந்த அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. உங்கள் விதி என் ஒருத்தியை மட்டும் பின்னால் தள்ளவில்லை.

அமெரிக்காவில் இரண்டு வருட நர்சிங் பட்டம் எதற்காகப் பிறந்தது என்று நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, நர்ஸ் கிடைக்காமல் ஆஸ்பத்திரிகள் தவித்த காலத்தில் மில்ட்ரெட் மான்டாக் வகுத்த திட்டம் அது. 1952-ல் சில கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கியது. அதுவரை பெரும்பாலான ஆஸ்பத்திரிப் பள்ளிகள் திருமணமாகாத இளம்பெண்களைத்தான் தேடின. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களும், வயது கூடியவர்களும், ஆண்களும் நர்ஸ் ஆகும் வழி அகலமானது இந்தக் கம்யூனிட்டி காலேஜ் திட்டத்தால்தான். குடும்பம், வேலை, தூரம் என்று பல காரணங்களால் பல வருடம் எடுத்துப் படிக்கிறவர்களுக்காக வந்த திட்டத்துக்கு, பல வருடம் எடுப்பதையே குற்றமாக்குகிற விதி பொருந்தவில்லை.

தரம் குறையுமோ என்ற பயம் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் மருந்துக் கணக்குத் தேர்வு இருக்கிறது, ஒவ்வொரு செமஸ்டரிலும் செயல்முறைத் தேர்வு இருக்கிறது. கடைசியில் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு. நாலு வருடப் பட்டம் படித்தவரும் இரண்டு வருடம் படித்தவரும் எழுதுவது அதே தேர்வுதான். குறைந்தது 85 கேள்வி, அதிகம் போனால் 150, ஐந்து மணி நேரம். 2023 ஏப்ரலிலிருந்து நோயாளியின் நிலையைப் படித்துப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லும் கேள்விகளும் அதில் வருகின்றன. மறந்துபோனவர்கள் அதில் தேறமுடியாது. அப்படியும் சந்தேகம் இருந்தால், காத்திருக்கும் எங்களுக்கு அனாடமி, ஃபிசியாலஜியில் ஒரு தேர்வு வையுங்கள். அல்லது சேரும் கோடையில் இரண்டு வார நினைவூட்டல் வகுப்பு வையுங்கள். டீஸ் தேர்வை மறுபடி எழுதச் சொன்னாலும் சரி. எங்களில் யாரும் மறுக்கமாட்டார்கள். மூன்று செமஸ்டரைத் திரும்ப எடுக்கச் சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

இந்தப் பருவம் நான் ஃபிசியாலஜியைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். வசந்தத்தில் மைக்ரோபயாலஜிக்கு இடம் கிடைத்தால் எடுப்பேன். அதெல்லாம் முடிந்து நான் மறுபடி பானைக்குள் விழும்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. எனக்காக மட்டும் விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை, என் பாடங்கள் எப்படியும் போய்விட்டன. என்னோடு 2022-ல் முதல்முறை விண்ணப்பித்த தோழிகள் இருக்கிறார்கள். ஒருவர் தஞ்சாவூர்க்காரர், ஒருவர் மெக்சிகோவிலிருந்து வந்தவர், இன்னொருவர் பிலிப்பைன்ஸ். அவர்களுடைய அனாடமிக்கு இன்னும் சில மாதம் உயிர் இருக்கிறது. அடுத்த விண்ணப்பக் காலம் ஜனவரியில் திறக்கிறது. அதற்குமுன் குழு கூடுவது ஒரே ஒருமுறை, டிசம்பரில். அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துவிடுங்கள். அன்றைக்கு எனக்கு நைட் டியூட்டி இருக்கிறது, மாற்றிக்கொண்டு வருகிறேன். மூன்று நிமிடம் போதும்.

நன்றியுடன்,
உங்கள் கல்லூரியில் நான்கு முறை தகுதி பெற்ற மாணவி